சீட்டில் எழுதாமல் விட்ட வரி

சிறுநீர் கழிக்கப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இருபத்து மூன்றாம் வயதில் வந்தது. பிடிக்காவிட்டால் விழுவேன். போய் முடிப்பதற்குள் நெஞ்சு தறிகெட்டு அடிக்கும். பின்மண்டையில் சம்மட்டி இறங்குவது போல வலிக்கும். சட்டை நனைந்துவிடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தெளிந்துவிடும். இரண்டு முறை முழுதாகவே மயங்கி விழுந்திருக்கிறேன். ஒரு முறை எங்கள் சோளக்கொல்லையில், இன்னொரு முறை வேலை பார்த்த இடத்துக் கழிப்பறையில்.

இதே மாதிரி எதையாவது டாக்டரிடம் சொல்லாமல் மறைத்துக்கொண்டு யாராவது ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்காகத்தான் எழுதுகிறேன். அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் கசப்பாகத்தான் வரும்.

பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு எறையூர்ப் பக்கம் சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சீசன் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று மணிக்கொரு தடவை பார்த்துச் சொல்வது வேலை. ஒவ்வொரு குப்பியிலும் சீட்டு ஒட்ட வேண்டும்: எந்த உருளையில் பிழிந்த சாறு, எத்தனை மணி, எடுத்தது யார். ஒரு வரி விட்டுப்போயிருந்தாலும் அந்தக் குப்பியைத் தொட்டியில் கொட்டிவிடுவேன். புதிதாக வந்த பையன்களை இதற்காகக் காய்ச்சியும் இருக்கிறேன். வேலை நிரந்தரமானதும் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. படிப்பது, அப்புறம் அங்கேயிருந்து இன்னும் மேலே என்று மனம் ஓடிக்கொண்டே இருந்த காலம்.

அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், செந்துறைப் பக்கம் இருக்கிறார். அவர் மகள் செல்விக்கும் எனக்கும் அந்த வருஷம் தை மாதம் பரிசம் போட்டிருந்தது. பரிசப் புடவை எடுக்க அம்மா பெரம்பலூரில் நான்கு கடை ஏறி இறங்கினாள். கடைசியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றை எடுத்தாள். கல்யாணம் ஆவணியில் என்று பேச்சு.

கொல்லையில் நான் விழுந்ததைப் பார்த்தது அம்மா ஒருத்திதான். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, யாராவது கண்டார்களா என்றுதான் முதலில் கேட்டாள். அதற்குக் காரணம் உண்டு. அம்மாவுக்கு ஒரு தங்கை. கல்யாணமான நான்காம் மாதம், வலிப்பு இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போய்க் கூட்டிக்கொண்டு வந்தவர் மாமா. அன்றிலிருந்து அந்தச் சித்தி மாமா வீட்டில்தான் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் மயக்கம் என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

வைகாசியில் சிறுநீரில் ரத்தம் வந்தது. மயக்கத்தை மறைத்தது போல ரத்தத்தை மறைக்க முடியவில்லை. பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எங்கெங்க போய்ட்டு வந்தே, மறைக்காம சொல்லு" என்றார். கல்யாணமாகாத பையனுக்கு அந்த இடத்தில் கோளாறு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். எங்கும் போகவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே பதினைந்து நாள் ஊசி போட்டார். மறைக்காமல் சொல்லச் சொன்ன முதல் ஆள் அவர்தான். கேட்டதுதான் தப்பான விஷயம்.

ஊசிக்கு ரத்தம் நிற்கவில்லை. திருச்சிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை. கையில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீர்ப்பையின் நிழல் முழு வட்டமாக விழ வேண்டுமாம். என்னுடையதில் ஒரு ஓரம் எலி கடித்தது போல இருந்தது. பயிற்சி டாக்டர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், காகிதத்தை வைத்துக்கொண்டு விவரம் கேட்டார். ரத்தம் எத்தனை நாளாக, எரிச்சல் உண்டா, எடை குறைந்ததா.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா? தலைவலி, மயக்கம்?"

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அழுத்தக்கூட இல்லை, பிடித்தாள், அவ்வளவுதான். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. கல்லு மாதிரி இருந்தான்" என்றாள்.

நான் பேசாமல் இருந்தேன். படித்தவன், மாதிரிகளோடு வேலை செய்கிறவன், விட்டுப்போன ஒரு வரி என்ன செய்யும் என்று ஆலையில் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன், பேசாமல் இருந்தேன். ஆவணிக்கு இரண்டு மாதம் இருந்தது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பைக்குள் தெரிந்த கட்டியிலிருந்து பச்சைப்பயறு அளவு சதையைக் கிள்ளியபோது என் ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிவிட்டதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய சம்மட்டிதான். மரத்துப்போகப் போட்ட மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மயக்க மருந்து டாக்டர் எழுதி வைத்தார். இது என்னோடு தினமும் வருகிற விருந்தாளி என்று நான் அப்போதும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்று. பெரிய டாக்டர், அறுவை செய்கிறவர், அம்மாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். பையின் உள்தோலில் தொடங்கி, சுவரின் சதைக்குள்ளேயே போய்விட்டது. சுரண்டி எடுத்தால் போதாது. பையை முழுதாக எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டிக் குழாய் மாதிரி வைத்து, வயிற்றின் வலப்பக்கம் ஒரு துளை போட்டுவிடுவார்கள். சிறுநீர் அதன் வழியே ஒரு ரப்பர் பைக்குள் ஒழுகிக்கொண்டே இருக்கும், சாகும்வரை. இனிமேல் தாம்பத்தியம், பிள்ளை எதுவும் இல்லை என்பதை மட்டும் அம்மாவுக்குப் புரியக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆவணிக்குள்ள ஆறிடுமாங்க?" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அறுவைக்கு நாள் குறித்து வார்டில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அரியலூர் பஸ் டிரைவர் ஒருவர், சிறுநீரகக் கல்லுக்காகப் படுத்திருந்தார். சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து விளைந்த கல் என்பார். பெயர் ராஜமாணிக்கம். நான் ஆலைக்காரன் என்று தெரிந்ததும் என்னைக் 'கரும்பு' என்றே கூப்பிட்டார். இரவில் நான் தூங்காமல் புரண்டால், "கரும்பு, ரொம்பப் புரளாத, சக்கையாயிடுவ" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வரும். எதிர்க் கட்டிலில் வயிற்றில் பை கட்டிய ஒருவர் இருந்தார். அவர் எழுந்து நடக்கும்போது ஒரு கையால் பையைத் தாங்கிக்கொண்டு நடப்பார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகினேன்.

அறுவைக்கு மூன்று நாள் முன்பு மாமா செந்துறையிலிருந்து ரத்தம் கொடுக்க வந்தார். அவருக்குச் சொல்லப்பட்டது, சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான். ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "எந்நேரமும் படிப்பு படிப்புன்னு குந்தியிருந்தா கட்டி வராம என்ன வரும் மாப்ளே" என்று கேலி செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் அந்த டாக்டரம்மா வந்தார்.

திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டர்கள் வார்டுக்கு வருவது வழக்கமில்லை. இவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் ரோஜா நிறச் சாயம் ஒட்டியிருந்தது. என் பெயரைச் சரிபார்த்துக்கொண்டு, "ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது நான்தான். போட்டதுக்கு அப்புறம் மனசு ஒப்பல, நேத்து திரும்ப எடுத்துப் பார்த்தேன்" என்றார். செல்கள் பந்து பந்தாக, நடுவில் மெல்லிய ரத்தக்குழாய்களோடு உட்கார்ந்திருக்கின்றனவாம். உள்தோல் புற்று அப்படி உட்காராதாம்.

"ஒண்ணுக்குப் போகும்போது உனக்கு என்னப்பா ஆகுது?"

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றாள் அம்மா. "ரத்தம் மட்டுந்தான்."

"நான் தம்பியைக் கேக்கறேம்மா."

கட்டிலில் மாமா. காலருகில் அம்மா. டிரைவர்கூட இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். எதிரே அந்த மனிதர் பையைத் தாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பிடிப்பது, நெஞ்சு அடிப்பது, வியர்வை, கொல்லையில் விழுந்தது, ஆலையில் விழுந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் விரல்களைப் பார்த்துச் சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா."

"இது ஏன் சீட்டுல இல்ல?"

மாமா எழுந்து, முழங்கைப் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அறுவை நின்றது. மயக்க டாக்டரின் பழைய குறிப்பைத் தேடி எடுத்து வந்து டாக்டரம்மா பெரிய டாக்டரோடு வெகுநேரம் பேசினார். பிற்பகலில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் என் சதையைக் காட்டினார். பயத்தையெல்லாம் மறந்துவிட்டுக் கேள்வியாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

நமக்குத் திடீரென்று பயம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது அல்லவா, அதற்கான சுரப்பு சிறுநீரகத்தின் தலையில் இருக்கும் சுரப்பியில் ஊறுகிறது. அதே இனத்துச் செல்கள் உடம்பில் வேறு சில இடங்களிலும் நரம்புகளை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இருக்குமாம். மிக அபூர்வமாகச் சிலருக்குச் சிறுநீர்ப்பையின் சுவரிலேயே அவை கட்டியாக வளரும். பை சுருங்கும்போதெல்லாம் கட்டி பிழியப்பட்டு, சுரப்பு ரத்தத்தில் பாயும். அதுதான் என் சம்மட்டி. பெயர் பாராகாங்லியோமா. சுவரின் சதைக்குள்ளேயே பிறக்கிற கட்டி என்பதால், உள்தோலிலிருந்து சதைக்குள் புகுந்த புற்று போலத் தெரிந்திருக்கிறது.

"அப்படின்னா பையை எடுக்க வேணாமா?"

"அதுவா இருந்தா, கட்டி இருக்கற பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைத் தெச்சுடலாம். உள்தோல் புத்துன்னா முழுசாத்தான் எடுக்கணும். சாதாரணச் சாயத்துல பார்த்து நான் ஒரு தடவை ஏமாந்துட்டேன். ரெண்டாவது தடவை ஊகத்துல சொல்ல மாட்டேன்."

அதற்கு ஒரு புது வழி இருக்கிறது என்றார். ஒவ்வொரு வகைச் செல்லுக்குள்ளும் அதற்கே உரிய ஏதாவது ஒரு பொருள் இருக்கும். அந்தப் பொருளை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற திரவங்களைச் செய்திருக்கிறார்கள். ஒட்டிய இடம் பழுப்பாகும், ஒட்டாத இடம் வெளிறியே இருக்கும். கெரட்டின் என்ற பொருளைத் தேடுகிற திரவம், உள்தோல் செல்லைப் பழுப்பாக்கும். குரோமோகிரானின் என்பதைத் தேடுவது, பயச் சுரப்புச் செல்லைப் பழுப்பாக்கும். ஆலையில் நாங்கள் சாயம் மாறுவதைப் பார்த்து அமிலமா காரமா என்று சொல்வது போலத்தான். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சதைத் துண்டையும் கூடவே வைத்துப் பார்ப்பார்களாம், திரவம் கெட்டுப்போயிருந்தால் தெரிந்துவிட. அதைக் கேட்டதும் எனக்கு அந்த வேலையின்மேல் மரியாதையே வந்துவிட்டது. என் பை போகுமா இருக்குமா என்பது அந்த இரண்டு குப்பிகளின் கையில் இருந்தது. ஆனால் அந்தக் குப்பிகள் பனிக்கட்டியில் வைத்து வெளிநாட்டிலிருந்து வருபவை. திருச்சியில் அப்போது கிடையாது. மெட்ராஸில் ஓரிடத்தில் இருந்தது.

என் சதையைப் பதித்திருந்த மெழுகுக் கட்டியை அங்கே அனுப்ப வேண்டும். தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேருமோ, வீட்டு ஆள் யாராவது கையோடு கொண்டுபோனால் நல்லது என்றார். வராந்தாவில் நின்றிருந்த மாமா உள்ளே வந்து, "குடுங்க. நான் வீட்டுல சொல்லிட்டு அரியலூர்ல ரயில் ஏறிக்கிறேன்" என்றார்.

சின்னத் தீப்பெட்டி அளவு மெழுகு. மஞ்சள் பைக்குள் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மூன்று வாரம் வார்டில் கிடந்தேன். ரத்த அழுத்தம் இறங்க மாத்திரை கொடுத்தார்கள். இதைச் செய்யாமல் முன்பு குறித்த நாளில் வெட்டியிருந்தால் மேசையிலேயே முடிந்திருப்பேன் என்று மயக்க டாக்டர் வந்து சொன்னார். அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சுரப்பின் மிச்சம் சிறுநீரில் எவ்வளவு என்று பார்க்க, அமிலம் ஊற்றிய கேனில் ஒருநாள் முழுச் சிறுநீரையும் சேர்க்கச் சொன்னார்கள். "அங்க கரும்புச் சாறு, இங்க கரும்போட சாறு. உன் வேலை போகலடா" என்றார் டிரைவர். வார்டே சிரித்தது. சோதனை முடியும்வரை காபியும் வாழைப்பழமும் கூடாது. அம்மாவும் காபியை விட்டுவிட்டாள். வெளியிலிருந்து ரசம் சோறு வாங்கி வந்து, பிசைந்து, கட்டிலில் வைப்பாள். என்னோடு பேச்சுத்தான் இல்லை. வேண்டுமா, போதுமா என்பதைக்கூடக் கரண்டியைக் காட்டித்தான் கேட்டாள்.

சொன்ன தேதிக்கு மாமா மறுபடி மெட்ராஸ் போய், ரிப்போர்ட்டோடு நேராக வார்டுக்கு வந்தார். அதே மஞ்சள் பை. உறையை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டாவது குப்பிதான் பழுப்பாச்சாம். அங்க இருந்த டாக்டரு வாயாலயே சொன்னாரு. படிச்சுப் பாரு மாப்ளே."

படித்தேன். கெரட்டின்: இல்லை. குரோமோகிரானின்: உண்டு, எல்லாச் செல்களிலும். தெரிந்த துண்டு சரியாக நிறம் காட்டியது என்றும் ஒரு வரி. மூன்று தடவை படித்தேன். தலையைத் தூக்கியபோது மாமா பையிலிருந்து இன்னொன்றையும் எடுத்திருந்தார். கத்தரிப்பூ நிறம். மடிப்புக் கலையவில்லை.

"இதை வச்சிக்கக்கா."

அம்மா கையை நீட்டவில்லை. "வலிப்பு இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே தம்பி."

"சொன்னாங்க. நம்ம தங்கச்சிக்கும் ஒரு டாக்டரு ஒண்ணுமில்லன்னுதான் எழுதிக் குடுத்தாரு. அந்தக் காயிதத்தை எடுத்துட்டுப் போயி அவங்க வாசல்ல நின்னவன் நான். யாரு வாங்கிப் படிச்சா?"

"இவன் நம்ம புள்ளடா."

"நம்ம புள்ளதான். அதனாலதான் ரெண்டு நடை மெட்ராஸ் போனேன். நீ எங்கிட்ட மறைச்ச பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. தெரியாம சொல்லாம விட்டிருந்தாலும் பரவால்ல. தெரிஞ்சே எம் பொண்ணுக்கு மறைச்சே."

புடவையைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். என் கையில் இருந்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. செல்வி என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. பரிசம் போட்டபோதும் அவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் பை தப்பித்த மகிழ்ச்சியில் அந்த நிமிடம் எனக்கு வேறு எதுவுமே உறைக்கவில்லை என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "உடம்பப் பாத்துக்க தம்பி" என்றார். பிறந்ததிலிருந்து என்னை மாப்ளே என்று மட்டுமே கூப்பிட்டவர்.

அறுவை நடந்தது. எலுமிச்சம்பழம் அளவு கட்டியையும் அதைச் சுற்றிப் பைச்சுவரில் ஒரு வட்டத்தையும் எடுத்துவிட்டு மீதியைத் தைத்தார்கள். மேசையில் இரண்டு தடவை அழுத்தம் ஏறி, மருந்து கொடுத்து இறக்கினார்களாம். இந்த வகைக் கட்டி கெட்டதா நல்லதா என்று திசுவை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, வேறெங்காவது முளைத்தால்தான் தெரியும், அதனால் வருஷா வருஷம் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். முழு விடுதலை என்ற சொல்லை அவர் கடைசிவரை சொல்லவில்லை. டிரைவர் ராஜமாணிக்கம் கல்லைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வாங்கிக்கொண்டு எனக்கு முன்பே அரியலூருக்குக் கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். தானாகப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அம்மா என்னை வராந்தாவின் கடைசியில் இருந்த கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போய், கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே போய் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக்கொண்டேன். எரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நெஞ்சைக் கவனித்தபடி காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தேன். பிறகு இன்னொன்றையும் எடுத்தேன். அப்படியே நின்றேன்.

வெளியே வந்து, "ஒண்ணும் வரலம்மா. படபடப்பே இல்ல" என்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசினாள்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா, இந்நேரம் இங்க உன் பொண்டாட்டி நின்னிருப்பா."

மேசையிலேயே செத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். மயக்க டாக்டர் சொன்னதை அவளும் என்னோடுதான் கேட்டாள். கட்டில் தூரத்தில் இருந்தது. அவள் தோளைக் கொடுத்தாள், பிடித்துக்கொண்டு நடந்தேன்.